சோடியம் ஏறும் நேரம்

நாற்காலியைத் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது, சுருங்கட்டும். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் லேசாக வளைந்தது, அதன்மேல் பச்சைக் கரை வைத்த வெள்ளைத் துண்டு ஒன்று விரித்துப் போட்டிருக்கிறது. அதில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. காலையிலிருந்து கட்டில் கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, ஒரு கால் கடுத்தால் மறு காலுக்கு மாறிக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்களுக்கு, வைத்தியம் படுத்திருக்கிறவருக்கா இல்லை இந்த அம்மாளுக்கா என்று சந்தேகம் வரும். "ஆளு வர்றாங்களாம்மா?" என்று கேட்டாள் அவள். "ஆமா, பொண்ணு வருது" என்றேன். முப்பது வருஷம் வகுப்பில் நின்று, செய்யாத சோதனையைச் செய்ததாக எழுதாதே என்று பிள்ளைகளைத் திட்டித் தீர்த்தவள் நான். இப்போது ஒரு கூச்சமும் இல்லாமல் பொண்ணு வருது என்கிறேன். சொன்னதும் நெஞ்சுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் ஓடி நின்றது, அதுதான் பயமாக இருக்கிறது. எழிலரசி வரமாட்டாள். எழிலரசி செத்து மூன்று வருஷம் ஆகிறது. இதை எனக்கு நானே அவ்வப்போது சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, இந்த இரண்டு நாளாக. என் வீட்டுக்காரர் தூங்குகிறார். பெனிட்டா சிஸ்டர் இப்போதுதான் ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள், ரிசல்ட் வர சாயங்கால டீ வேளை ஆகும் என்றாள். பாட்டிலில் உப்புத் தண்ணீர் பாதிக்கு மேல் இருக்கிறது. சொட்டுகிறது, நிற்கிறது, சொட்டுகிறது.

"சோடியம் இறங்கிடுச்சும்மா" என்று டாக்டர் பெண் சொன்னாள், யாரோ முந்தின ஸ்டாப்பில் இறங்கிவிட்ட மாதிரி. நூற்றுப் பன்னிரண்டுதான் இருக்கிறதாம். நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டியது. வெயில் காலத்தில் வயசானவர்களுக்கு இது சகஜம், பிரஷர் மாத்திரை வேறு உப்பை வெளியே தள்ளும், சாப்பாட்டில் உப்பே சேர்க்காமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் ரத்தம் நீர்த்துப்போகும், மூளையில் நீர் கோத்துக்கொள்ளும், ஆள் மாறிப் பேசுவார்கள், பயப்படாதீங்க, ஏத்திடலாம், ஆனா மெதுவாத்தான் ஏத்தணும், அவசரப்பட்டா மூளைக்கு வேற ஆபத்து வந்துடும். நான் தலையை ஆட்டினேன். என்னிடம் வந்து சோடியத்தைப் பற்றிச் சொல்கிறாள் பார். மண்ணெண்ணெய்ப் பாட்டிலில் முங்கிக் கிடக்கும் சாம்பல் நிறக் கட்டி. கத்தி வைத்தால் வெண்ணெயாக வெட்டுப்படும், வெட்டின முகம் ஒரு கணம் வெள்ளியாகப் பளபளத்து உடனே மங்கிப்போகும். பட்டாணி அளவுக்கு ஒரு துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் உஸ்ஸென்று அங்குமிங்கும் ஓடும், கடைசி பெஞ்சு வரைக்கும் எழுந்து நின்று கத்தும் பிள்ளைகள். ஏன் ஓடுது? அதற்கு வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான், அதை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும், கொடுக்கிறவரை நிம்மதி கிடையாது. கொடுத்தபின் அது ஒளிந்து வாழ வேண்டாம், குளோரின் என்கிற விஷவாயுவோடு கூடி உப்பாகிச் சாப்பாட்டுத் தட்டுக்கு வரும், ரத்தத்தில் ஓடும். நம்மை நாமாக வைத்திருப்பது அந்த உலோகம் இல்லை பிள்ளைகளே, ஒன்றை இழந்த சோடியம். இழந்ததற்கு ப்ளஸ் குறி போடுவோம். வருஷா வருஷம் யாராவது ஒருத்தி எழுந்து, இழந்ததுக்கு ஏன் மிஸ் ப்ளஸ் போடுறோம் என்று கேட்பாள். எழிலும் கேட்டாள், வகுப்பில் இல்லை, அடுப்படியில், மேடைமேல் ஏறி உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டு. "ஒண்ணு போயிடுச்சுன்னா மைனஸ்தானம்மா? உன் சப்ஜெக்டே தலைகீழா இருக்கு." போகிறது மைனஸ், அது போனபின் மிஞ்சுகிறது ப்ளஸ் என்றேன். அவளுக்கு ஒப்பவில்லை. காலேஜில் பொருளாதாரம் எடுத்துக்கொண்டாள், வீட்டுக்கு ஒரு கெமிஸ்ட்ரி போதும் என்று. அவள் போனாள், நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம். எங்கள் தலைமேல் எந்த ப்ளஸ்ஸும் இல்லை எழில், நீ சொன்னதுதான் சரி.

முந்தாநாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் குழாயடியில் நின்று "டிக்கெட் எடுக்காதவங்க எடுத்துக்குங்க" என்றார். விளையாடுகிறாராக்கும் என்று நினைத்தேன். மூன்று வருஷமாக விளையாடாத மனிதர் விளையாடுகிறாரே என்று ஆசையாக எட்டிக்கூடப் பார்த்தேன். கண் எங்கோ இருந்தது. மன்னார்குடிக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டராகப் பாதி ஆயுசைக் கழித்தவர் அவர், கலியபெருமாள் என்றால் வலங்கைமான் பூக்காரிகளுக்குக்கூடத் தெரியும். இங்கே கொண்டுவந்து படுக்க வைத்ததும் வார்டு முழுக்க பஸ்ஸாகிவிட்டது. கட்டில்களெல்லாம் சீட்டு, மேலே கடகடக்கிற மின்விசிறிதான் என்ஜின். காலையில் சுற்று வந்த டாக்டரைப் பார்த்து "படியில நிக்காதீங்க சார், உள்ள எடம் கெடக்கு, உள்ள வாங்க" என்றார். பெனிட்டா ஊசி போட வந்தபோது சில்லறை இருக்கிறதா என்று கேட்டார், அது சிரித்துக்கொண்டே "இல்ல தாத்தா" என்றது, "அப்ப எறங்குறப்ப வாங்கிக்கம்மா" என்று அதன் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "டீச்சர், நீடாமங்கலந்தானே? கம்பியப் புடிச்சுக்குங்க, பிரேக்கு போடுவான்" என்றார். நீங்க, வாங்க, புடிச்சுக்குங்க. கல்யாணத்துக்கு முன்னால் இருந்த மரியாதை. அப்போது நான் அந்தப் பஸ்ஸில்தான் நீடாமங்கலம் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தேன். மற்ற டீச்சர்களுக்கு ஒவ்வொரு கண்டக்டர் சீட்டு பிடித்து வைப்பான், இவர் எனக்கு ஒருநாளும் வைத்ததில்லை. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்களைக் கண்டால் இவருக்கு ஆகாது. துண்டைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு, "துண்டு எங்க போவுது? கும்பகோணமா? துண்டுக்கு டிக்கெட் எடுங்க" என்று பஸ்ஸே சிரிக்கும்படி கேட்பார். கர்ப்பிணியும் கிழவனும் நிற்கும்போது ஒரு துண்டு உட்கார்ந்து போவது எந்த ஊர் நியாயம் டீச்சர் என்று என்னிடம் கேட்டார், அதுதான் என்னிடம் முதலில் பேசின வார்த்தை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். எங்கள் வீட்டில், கெமிஸ்ட்ரி படித்த பொண்ணுக்குக் கண்டக்டரா என்று எகிறிக் குதித்தார்கள், குதித்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

அந்த மனிதர்தான் நேற்று முன்தினம் தோளில் கிடந்த துண்டை உருவி என்னிடம் நீட்டி, "டீச்சர், ஒரு ஒத்தாசை. அந்த சன்னலோர சீட்டுல இதப் போட்டு வைங்க. அடுத்த ஸ்டாப்புல பாப்பா ஏறும்" என்றார். பாப்பா என்றால் எழில்தான், வேறு யார். அவள் பிறந்ததிலிருந்து அவருக்குப் பாப்பாதான், பட்டம் வாங்கப் போகிற வயதிலும் பாப்பாதான். மூன்று வருஷமாக அந்த வார்த்தை எங்கள் வீட்டில் இல்லை. அவளுடைய செருப்பை யார் எடுத்து உள்ளே வைத்தது என்றுகூட நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. நான் துண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். என்னங்க, நான் மங்கை, இது ஆஸ்பத்திரி, பாப்பா இல்லீங்க என்று. டாக்டர்கூட, நடப்பை எடுத்துச் சொல்லிக்கிட்டே இருங்கம்மா, அது நல்லது என்று சொல்லியிருந்தாள். வாய் வரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அதன்மேல் துண்டை விரித்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவளைப் பிரசவ வார்டில் முதல்முதலாகக் கையில் வாங்கினபோது இருந்த முகம். "என்ன படிக்குது உங்க பொண்ணு?" என்று கேட்டேன். அது நான்தான் கேட்டது, என் குரல்தான். "எக்கனாமிக்ஸ். அவங்கம்மா கெமிஸ்ட்ரி, அது பக்கமே போவமாட்டேன்னுருச்சு, எங்கிட்ட மட்டும் சொல்லும், அம்மா வகுப்புல இருக்கற மாதிரியே வீட்லயும் இருக்குப்பான்னு." நான் சிரித்தேன். எனக்குத் தெரியாத எழில் ஒருத்தி அவரிடம் இருந்திருக்கிறாள். கேட்கக் கேட்க வந்தாள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிச் சொன்னாள், அப்பாவின் விசிலை எடுத்து ஊதினாள், மழையில் நனைந்தாள். இரண்டு நாளாக எனக்குப் பசியே இல்லை. நேற்று மத்தியானம் வாசலில் வளையல் சத்தம் கேட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன். என் சோடியம் சரியாகத்தான் இருக்கிறது, இருந்தும் திரும்பிப் பார்த்தேன்.

உப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பிரஷர் இருக்கிறது என்று இவருக்குச் சொன்ன அன்றைக்கே எழில் உப்பு ஜாடியையும் ஊறுகாயையும் தூக்கிப் பரணில் வைத்தாள். "ஜாடியத் தொட்டீங்க, ஹாஸ்டல்லேர்ந்து வந்தே கையப் புடிப்பேன்ப்பா" என்றாள். இவர் கேட்கிற ஆளா. அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நார்த்தங்காய் எடுப்பார், நான் பார்த்துவிட்டால் திருட்டு முழி முழிப்பார். அவள் இருந்தவரை ஒருநாளும் அவள் சொன்னதைக் கேட்காத மனிதர், அவள் போனபின் அப்படியே கேட்க ஆரம்பித்தார். தயிர்சாதத்தில் உப்பு வேண்டாம். ரசத்தில் வேண்டாம். கருவாடு, அப்பளம் எதையும் கிட்டே சேர்க்கவில்லை. டாக்டர் குறைக்கத்தான் சொன்னார், அடியோடு விடச் சொல்லவில்லை, உடம்பு இயங்குவதற்கு அது வேண்டும் என்று படித்தவள் என்கிற முறையில் தலைகீழாக நின்று பார்த்தேன். "சொல்லிருக்குல்ல" என்பார். யார் சொல்லியிருக்கிறது என்று நானும் கேட்கமாட்டேன், அவரும் சொல்லமாட்டார். தட்டுக்குப் பக்கத்தில் நான் வைக்கிற உப்புச் சிட்டிகை அப்படியே இருக்கும், சாப்பிட்டு முடித்துத் தட்டோடு கழுவி ஊற்றிவிடுவார். இந்தக் கோடை முழுக்கச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். அவள் சொல்லைக் காப்பாற்றிக் காப்பாற்றி, இறங்கி இறங்கி, கடைசியில் அவள் இருக்கிற இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். கையைப் பிடிப்பேன் என்றாள், பிடித்துவிட்டாள். எந்தப் பாடப் புத்தகத்தில் இதைப் போடுவார்கள்.

இப்போது தூக்கத்தில் உதடு அசைகிறது. ஏதோ ஸ்டாப்பின் பெயர். பக்கத்துக் கட்டில் அம்மாள் படுத்திருக்கிற தன் வீட்டுக்காரர் காலடியில் ஒண்டி உட்கார்ந்துவிட்டாள், பாவம், எனக்கு மனசாட்சி குத்துகிறது. அவள் அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறாள். "வலங்கைமான் ஆத்தாவுக்கு நேந்துக்கங்கம்மா. அவர் எந்திரிச்சா பாடை எடுக்கிறேன்னு வேண்டிக்கங்க. எங்க மாமனாருக்கு எடுத்தோம், இன்னும் கல்லு மாதிரி இருக்காரு." எனக்குத் தெரியும், அந்தத் திருவிழாவைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் உண்டா. சாகப் பிழைக்கக் கிடந்து எழுந்தவர்களைப் பங்குனியில் பாடையில் படுக்க வைத்து, நெற்றியில் காசு வைத்து, கொள்ளிச்சட்டியோடு மேளம் அடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலைச் சுற்றுவார்கள். பிழைத்தவன் கண்ணை மூடிக்கொண்டு பிணமாகப் படுத்திருப்பான். அப்புறம் எழுந்து வீட்டுக்கு நடந்து போவான். அந்தத் திருவிழா அன்றைக்குத்தான் எழில் காய்ச்சலோடு வந்தாள். எலிக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிட்டது, அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டாள். நிஜப் பாடை எங்கள் வாசலிலிருந்து போனது. அதில் படுத்திருந்தவள் எழுந்து நடந்து வரவில்லை. வேண்டிக்கொள்ளச் சொல்கிறாள். என்ன என்று வேண்டிக்கொள்வேன் ஆத்தா, இவரை எழுப்பு என்றா, இல்லை, எழுப்பாதே, இப்படியே விடு என்றா. இதை வாய்விட்டுச் சொன்னால் வார்டே என்னை எப்படிப் பார்க்கும்.

அன்றைக்கு நடந்ததை நேற்றுத்தான் சொன்னார். மனைவியிடம் இல்லை, நீடாமங்கலம் டீச்சரிடம். வெளியே வெயில் சாய்ந்திருந்தது, அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, மெல்லமாக, ரகசியம் பேசுகிற குரலில் பேசினார். "ஏன் துண்டு போடச் சொன்னேன் தெரியுமா டீச்சர்? நான் போடற ஆளில்ல. அன்னிக்குப் பாப்பா கும்மோணத்துல ஏறுச்சு. பாடகட்டித் திருவிழா, ஈ நொழைய எடமில்ல. டிரைவர் அண்ணன் சொன்னாரு, கலியா, நம்ம புள்ளைக்கு முன்னாடி சீட்டு ஒண்ணு வச்சிருக்கேன்னு. நான்தான் வேணாம், எல்லாரும் மாதிரி வரட்டும்னுட்டேன். அந்த சீட்டுல ஒரு தடியன் உக்காந்து வந்தான். நின்னுக்கிட்டே வந்துச்சு டீச்சர். வழி பூரா. எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. டிக்கெட் குடுக்கறப்ப கை பட்டுச்சு, நெருப்பா கொதிச்சுது. வெயிலுன்னு நெனச்சேன்." துண்டு போட்ட நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கு ஏறட்டும், உக்காந்து போவட்டும்." நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரேக் போடுவான் என்று அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எந்தச் சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தாலும் அந்தக் காய்ச்சல் அவளை விட்டிருக்காது, கிருமிக்கு நின்றவள் உட்கார்ந்தவள் என்றெல்லாம் கிடையாது, இதை நான் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருப்பேனே பாவி மனுஷா, நீ சொல்லியிருந்தால். அழுது ஓய்ந்த வீட்டில் ஒருநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார், ரிட்டையர் ஆக இன்னும் கொஞ்ச மாசம்தானே இருந்தது, ஏன் என்றேன், காலு வலி என்றார். நான் நம்பினேன். கூடவே இருந்து, ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டு, பக்கத்தில் படுத்து, நம்பினேன்.

சேர்மம் வேறு, கலவை வேறு. மணலும் உப்பும் ஒரே கிண்ணத்தில் கிடந்தால் அது கலவை, தண்ணீரை ஊற்றி வடிகட்டினால் தனித்தனியாக வந்துவிடும், ஒன்றுக்கு இன்னொன்றைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. சேர்மம் அப்படி இல்லை, சேர்ந்தபின் பழைய குணம் போய்விடும். நாங்கள் சேர்மம் என்றுதான் இருந்தேன். கொடுத்து வாங்கிக்கொள்கிற பிணைப்பு ஒன்று உண்டு, அயனிப் பிணைப்பு. யாரும் யாருக்கும் கொடுத்துவிடாமல் நடுவில் வைத்துப் பங்கு போட்டுக்கொள்கிற பிணைப்பு இன்னொன்று, சகப்பிணைப்பு. நடுவில் இருக்கிற அந்த ஜோடியை இந்த அணுவும் தன்னுடையது என்று எண்ணும், அந்த அணுவும் தன்னுடையது என்று எண்ணும், இரண்டுக்கும் கணக்கு நிறைந்துவிடும். நடுவில் அவள்தான் இருந்தாள். அவளை எடுத்ததும் இரண்டு பேரும் மந்த வாயுக்கள் மாதிரி ஆகிவிட்டோம் என்று ஊரார் நினைத்திருப்பார்கள், யாரோடும் சேராமல், யாரும் வேண்டாமல். மந்த வாயுக்கள் நிறைந்தவை, அதனால் சேர்வதில்லை. நாங்கள் நிறைந்தா இருந்தோம். பரீட்சைத் தாளில் பிள்ளைகள் எப்போதும் ஒரு தப்பு செய்வார்கள், பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று எழுதுவார்கள், வெடிப்பதைப் பார்த்துப் பார்த்து அப்படித் தோன்றிவிடும். சிவப்பு மையில் அடித்து அடித்துக் கை சலித்திருக்கிறது. உடைவதற்கு ஆற்றல் கொடுக்க வேண்டும், சேரும்போதுதான் வெளியே வரும், சூடாக வரும். அவர் பேசாமல் இருக்க எவ்வளவு கொடுத்திருப்பார். அன்றாடம், சாப்பாட்டுக்கு உட்காரும்போது, டீ குடிக்கும்போது, வாய் வரைக்கும் வந்ததை விழுங்கி விழுங்கி. நான் ஒரு மரமண்டை, ஆளுக்குக் கோபம் என்று நினைத்தேன்.

பாட்டிலில் தண்ணீர் இறங்கிவிட்டது. இறங்க இறங்க அவருக்கு ஏறும். ஏறினால் மின்விசிறி மின்விசிறியாகிவிடும், கட்டில் கட்டிலாகிவிடும், டீச்சர் மங்கையர்க்கரசியாகிவிடுவாள், பாப்பா செத்துப்போவாள். இன்னொரு தடவை. ஒவ்வொரு சொட்டும் அதைத்தான் செய்கிறது, நான் நின்று வேடிக்கை பார்க்கிறேன். குழாயில் ஒரு சின்ன வெள்ளைச் சக்கரம் இருக்கிறது, விரலால் உருட்டினால் சொட்டு மெதுவாகும், இன்னும் உருட்டினால் நின்றுபோகும். பெனிட்டா உருட்டுவதைப் பார்த்திருக்கிறேன். மெதுவாகத்தானே ஏற்றச் சொன்னாள் டாக்டர், இன்னும் கொஞ்சம் மெதுவாக ஏறினால் என்ன. ஒரு சாயங்காலம் போதும். எழில் சின்ன வயதில் எதற்கோ கோபித்துக்கொண்டு டிக்கெட் பைக்குள் பொட்டுக்கடலையைக் கொட்டின கதையைச் சொல்லிக்கொண்டு வந்து பாதியில் விட்டுவிட்டார், அதை முழுக்கக் கேட்க வேண்டும். இவர் எழுந்துவிட்டால் அது அவர் வாய்க்குள் திரும்பிப் போய்விடும், பழையபடி தட்டைக் கழுவிவிட்டுத் திண்டில் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் விரல் சக்கரத்தின்மேல் இருக்கிறது. எப்போது போனது தெரியவில்லை. பிளாஸ்டிக் லேசாக வழவழவென்று இருக்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மாள் அந்தப் பக்கம் திரும்பி ஆரஞ்சு உரிக்கிறாள். அப்போது அவர் கண்ணைத் திறக்காமலே, "டீச்சர்" என்றார். "இருக்கேன்" என்றேன். "நீடாமங்கலம் போயிடுச்சா?" "இன்னும் இல்ல." "பாப்பா ஏறுச்சா?" நான் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். "எந்த ஸ்டாப்புலயும் ஏற மாட்டேங்குது டீச்சர். ஒவ்வொரு ஸ்டாப்பா பாத்துக்கிட்டே வர்றேன். சீட்டு போட்டு வச்சிருக்கேன், வர மாட்டேங்குது." மூடின கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கேயும் அவள் வரவில்லை. அங்கே உயிரோடு இருக்கிறாள் என்று நான் பொறாமைப்பட்டுக்கொண்டு நிற்கிறேன், அங்கேயும் இவர் துண்டு போட்ட சீட்டைப் பார்த்துக்கொண்டு, பஸ்ஸை நிறுத்தி நிறுத்தி, காத்துக்கொண்டேதான் போகிறார். செத்துப்போனாள் என்றாவது நமக்குத் தெரியும். இவருக்கு அதுவும் இல்லை. அந்தப் பஸ்ஸில் தனியாக எவ்வளவு தூரம் போவார். விரலை எடுத்துவிட்டேன். காதோரத்து ஈரத்தை முந்தானையால் துடைத்தேன். அதே முனையால் என் முகத்தையும் துடைத்தபோது கொஞ்சம் நாக்கில் பட்டது, உப்பாகத்தான் இருந்தது.

டீ வந்தது, குடித்தேன் என்று நினைக்கிறேன். பெனிட்டா சிஸ்டர் செருப்புச் சத்தத்தோடு வந்து, "நூத்தி இருபத்தஞ்சும்மா, நல்லா ஏறிருக்கு, டாக்டர் ஹேப்பி" என்றாள். நல்லது என்றேன். அவள் பாட்டிலைப் பார்த்து, சக்கரத்தைப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் தோளைத் தட்டினாள். "தாத்தா, என்ன ஊரு இது?" அவர் கண் திறந்தார். மின்விசிறியை வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பாட்டிலை. அப்புறம் அதிலிருந்து வருகிற குழாயைப் பின்பற்றிக்கொண்டே தன் கைவரைக்கும் வந்தார். "மன்னாருடி" என்றார். "ஆஸ்பத்திரி." "சூப்பர் தாத்தா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது. அவர் பார்வை என்மேல் வந்தது, என் முகத்தில் கொஞ்ச நேரம் தங்கியது, கீழே இறங்கி, நாற்காலிக்குப் போனது. துண்டைப் பார்த்தார். என்ன துண்டு, யார் போட்டது என்று கேட்பார், என்னவென்று சொல்வேன் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. ஊசி இல்லாத கையை ஊன்றி மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார், எட்டவில்லை, நான் எடுத்துக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை அசைத்தார். இன்னும் கொஞ்சம் சாய்ந்து துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். மடியில் வைத்து நான்காக மடித்தார். தோளில் போட்டுக்கொண்டார். சிவப்பு நாற்காலி வெறுமனே இருந்தது.

"எவ்ளோ நேரம் நிப்ப மங்க" என்றார். "உக்காரு." உட்கார்ந்தேன். வளைந்த கால் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது, என் கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன, இவ்வளவு நேரம் அது தெரியவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கினாள். இனி சுவரைப் பார்ப்பார் என்று இருந்தேன். அவர் தன் கையை, எழிலுக்கு டிக்கெட் கொடுத்த கையாக இருக்கும், திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லல" என்றார். "அன்னிக்கு எழிலு..." அவள் பெயரைச் சொல்லிவிட்டு நின்றார், மூன்று வருஷத்தில் முதல் தடவை, வாய் அதன்மேல் அப்படியே திறந்திருந்தது. "எழிலு நின்னுக்கிட்டே வந்துச்சு மங்க." தெரியும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க" என்றேன்.